நாராயண் மேகாஜி லோகண்டே

பொறியிற் சிக்கிக் கை இழந்தானொருவனைக் காணுங்கால், அவன் தலைவிதி அஃது என்று கூறி அப்பாற் செல்லுதல் நம்மவர் வழக்கம். கிணத்துக்கடவிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலுமிருந்து கோயமுத்தூர்ப் பஞ்சாலைகளுக்கும் வார்ப்படச்சாலைகளுக்கும் செல்வோர் பலராதலின், இவ்வழக்கு நம் செவிக்குப் புதிதன்று. இதனை ஏற்க மறுத்த பெரியாரொருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

லோகண்டே 1848ஆம் ஆண்டு பம்பாய்க்கு அண்மையிலுள்ள தாணாவில் பிறந்தார். வறுமை அவர்தம் கல்வியை இடையில் நிறுத்திற்று. பின்னர் மாண்டவியிலிருந்த பஞ்சாலையொன்றில் சாமான் கிடங்கின் பொறுப்பேற்று, தொழிலாளர் துயரை அருகிருந்து கண்டார். ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக சமாஜத்தைச் சார்ந்து, 1880 முதல் தீனபந்து என்னும் மராத்தி இதழை நடத்தினார்.

1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவரின் வேலைநேரத்தைக் குறைத்தது. அபாயமான பொறிகளுக்கு வேலியிடவும் விதித்தது. ஆயின் வயதுவந்தோரின் வேலைநேரத்திற்கு அதில் வரையறையில்லை. காயமுற்றோனுக்கு ஈடும் இல்லை.

1884 செப்டம்பரில் லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். 5,500 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் எழுந்தது. ஞாயிறுதோறும் விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, காலை ஆறரை மணிமுதல் கதிர் மறையும்வரையே வேலை, உரிய காலத்திற் கூலி என்பன அதன் வேண்டுகோள்கள். வேலையிற் கடுங்காயமுற்றவன் குணமாகும்வரை முழுக்கூலியும், உறுப்பிழந்தவன் பிழைப்பிற்கு வழியும் பெறவேண்டுமென்பது அவற்றுள் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. விபத்தின் செலவு தொழிலாளியின் தலைமேலேயே வீழும்வரை, பட்டைக்கும் பற்சக்கரத்திற்கும் மறைப்பிட முதலாளிக்கு அவசரமில்லை. அது ஆலைக்கணக்கில் ஏறுமாயின் மறைப்பு விரைந்து வரும். சக்கரத்தில் எளிதில் அகப்படுவதும் களைத்த கையே. ஆதலின் ஓய்வும் ஒருவகை வேலியாம்.

ஆறாண்டுகள் கழிந்தன. 1890 ஏப்ரல் 24இல் பதினாயிரவர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். ஜூன் 10இல் ஆலைமுதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1891ஆம் ஆண்டுச் சட்டமும் வார விடுமுறையை உறுதிப்படுத்திற்று.

1897 பிப்ரவரியில், பம்பாயைப் பீடித்த பிளேக் நோய்க்கு லோகண்டே இரையானார். அவருக்கு ஐம்பதாண்டும் நிரம்பவில்லை. காயமுற்றோர்க்கு ஈடளிக்கும் சட்டம் 1923இலேதான் பிறந்தது. தாம் கேட்டதைக் கண்ணாற் காணாது மறைந்தார் அவர்.

நம் கல்லூரித் தோழருட் சிலர் நாளை ஆலைகளை நிறுவவும் மேற்பார்க்கவும் கூடும். பொறியை நாட்டுமுன் அதன் மறைப்பையும், மனிதனை நிறுத்துமுன் அவன் ஓய்வையும் எண்ணுவார்களாயின், லோகண்டேயின் உழைப்பு இன்னும் பயன்தரும்.