துப்பாக்கிக் கம்மியர் ஜான் பிரௌனிங்

மிஷன் கல்லூரியொன்றின் ஆண்டு மலரிலே, பிணியாளரைப் பேணிய மருத்துவரையும் பள்ளிகள் நிறுவிய பாதிரிமாரையும் விடுத்துத் துப்பாக்கி செய்தே பொருளும் புகழும் ஈட்டிய ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்ததென்னையென்று அன்பர் சிலர் எம்மை வினவக்கூடும். அவர் சமயப் பற்று மிக்கவர்; தொழில் உச்சத்தை எட்டிய வேளையில் பட்டறையைத் தம்பியரிடம் விட்டு, ஈராண்டு கால்நடையாகச் சென்று போதகம் செய்தவர். மன்றாட்டும் வெடிமருந்தும் ஒரு மனிதரிடத்தே எங்ஙனம் ஒருங்கு வாழ்ந்தன என்னும் ஐயமே எம்மை அவர்பால் ஈர்த்தது. அவர் கைவேலையை அறியாமல் அவரை அறிதல் இயலாது. ஆகவே துப்பாக்கியின் உறுப்புக்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டியவராயிருக்கின்றோம்.

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கே யூட்டா நாட்டு ஆக்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜோனதன் பிரௌனிங், மார்மன் சபையைச் சேர்ந்த துப்பாக்கிக் கொல்லர். அச்சபை நம் சபைகளினின்றும் கோட்பாட்டிற் பெரிதும் வேறுபட்டது; பல மனைவியரை மணத்தல் அந்நாளில் அங்கு வழக்கிலிருந்தது. ஜோனதனுக்கு மனைவியர் மூவர், மக்கள் 22 பேர் என்றால் வேறு சொல்ல வேண்டுவதில்லை. இல்லினாய் நாட்டு நாவூ நகரினின்றும் துரத்தப்பட்ட மார்மன் மக்களோடு மேற்கு நோக்கிப் பெயர்ந்து, 1852இல் அவர் யூட்டா வந்தடைந்தார். குறுக்கே நகரும் இருப்புப் பாளத்திற் பல குண்டுகளை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் துப்பாக்கியொன்றை அவர் முன்னரே ஆக்கியிருந்தார். மகன் பிற்காலத்திற் செய்தவற்றின் வித்து அதுவே போலும்.

தந்தையின் பட்டறையிற் கிடந்த பழைய இரும்புத் துண்டுகளே சிறுவன் ஜானின் விளையாட்டுப் பொருள்கள். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லை. 1879இல் தந்தையார் காலமானார். அதே ஆண்டு, தாமே அமைத்த ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிக்கு ஜான் காப்புரிமை பெற்றார், மணமும் புரிந்துகொண்டார். உடன்பிறந்தார் சேர்ந்து சிறு தொழிற்சாலையொன்றை எழுப்பி அத்துப்பாக்கியைச் செய்து விற்றனர். 1883இல் அவற்றிலொன்று வின்செஸ்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் கண்ணிற் பட்டது. கம்பெனியின் தலைவருள் ஒருவரான பென்னெட்டு, கிழக்குக் கரையிலுள்ள நியூ ஹேவனிலிருந்து நாட்டின் குறுக்கே ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கிச் சென்றார்.

அப்பொழுது வின்செஸ்டர் கம்பெனிக்கு ஒரு குறை இருந்தது. நெம்புகோல் துப்பாக்கிக்கு உலகெங்கும் பெயர் பெற்றவர் அவரே. அத்துப்பாக்கியின் விசையைச் சூழ்ந்த காப்பு, பின்னே வளையமாக நீண்டு கைப்பிடியோடு பொருந்தியிருக்கும். விரல்களால் அதைக் கீழே முன்னோக்கித் தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்பு பின்வாங்கி, சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டை வெளியே எறியும். சுத்தியும் பின்னே சாய்ந்து நிற்கும். நெம்புகோலை மீட்டு இழுத்தால், குழலின் கீழுள்ள நீண்ட குழாயிலிருந்து மேலெழுந்த புதுத் தோட்டா உள்ளே செலுத்தப்படும். துப்பாக்கியைத் தோளினின்று எடாமலே இவையனைத்தும் ஒரு நொடியில் முடியும். ஆனால் 1873ஆம் ஆண்டு வெளிவந்த வின்செஸ்டரில், பின்வாயைத் தாங்கி நின்றவை முழங்கால் மூட்டுப்போல் மடங்கும் இரண்டு இணைப்புத் துண்டுகளே. சிறு தோட்டாவின் வேகத்தை அவை தாங்கும். காட்டெருமைக்கும் கரடிக்கும் வேண்டிய பெருந்தோட்டாவைத் தாங்கா.

பிரௌனிங் அம்மூட்டை ஒழித்தார். வீட்டுக் கதவிற்குத் தாழிடுவதுபோல, இரண்டு இருப்புத் தாழ்கள் கீழிருந்து செங்குத்தாக மேலேறிப் பின்வாய் இரும்பை இருபுறமும் பூட்டுமாறு செய்தார். நெம்புகோல் இறங்கினால் தாழ்கள் இறங்கும், ஏறினால் ஏறும். இதுவே 1886ஆம் ஆண்டு மாதிரி. படைவீரர் பயன்படுத்திய 45–70 என்னும் பெருந்தோட்டாவையும் அது எளிதிற் சுட்டது. இதற்குக் கம்பெனியார் 50,000 டாலர் கொடுத்தனர் என்பர். தாழின் எளிமையை எண்ணுந்தோறும், இது ஏன் முன்னரே ஒருவருக்கும் தோன்றவில்லையென்று வியக்கின்றோம்.

இவ்வளவு பொருளும் வந்து, மேலும் பல வேலைகள் மேசைமேற் காத்திருக்கையில், 1887 மார்ச்சு மாதம் சபை அவரைத் தென்னாட்டு ஜார்ஜியாவுக்குப் போதகராய் அனுப்பியது. மனைவி மக்களை விட்டுச் சென்றார். மார்மன் போதகரை அந்நாட்டார் இகழ்ச்சியோடு நோக்கிய காலம் அது. கடையொன்றின் கண்ணாடிப் பேழையில், தாம் அமைத்த 1887ஆம் ஆண்டு நெம்புகோல் பறவைத் துப்பாக்கியைக் கண்டு உட்சென்று, தூசி படிந்த அவர் அதை எடுத்துத் தேர்ந்த கையோடு இயக்கக் கண்ட கடைக்காரர் திகைத்தார் என்றும், அதை ஆக்கியவரே இவர் என்று உடன்சென்ற போதகர் கூறியதை அவர் நம்பவில்லை என்றும் குடும்பத்தார் எழுதிய வரலாறு கூறுகின்றது. கடைக்காரர்மேற் குற்றமில்லை; வின்செஸ்டர் என்னும் பெயரன்றிப் பிரௌனிங்கின் பெயர் அதில் எங்கும் பொறிக்கப்பட்டிலது.

1889இல் ஊர் திரும்பிய பின்னர், பென்னெட்டு மற்றொரு வேண்டுகோளோடு வந்தார். பழைய 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்குரிய சிறு தோட்டாக்களையே சுடுவதும், அதனினும் வலியதும், எடை குறைந்ததுமான ஒன்று வேண்டும். மூன்று மாதத்துள் தந்தால் 10,000 டாலர், இரண்டு மாதத்துள் தந்தால் 15,000 என்றார். முப்பது நாளுள் தருவேன். தவறினால் விலையின்றியே தருவேன். தந்தால் 20,000 வேண்டும் என்பது பிரௌனிங்கின் விடை. நாள் நிறையுமுன்னே துப்பாக்கி நியூ ஹேவன் சேர்ந்தது. பந்தயக்காரரின் துணிவென்று இதனைக் கருதற்க. 1886ஆம் ஆண்டின் இரு தாழ்களையே சுருக்கிச் சிறு தோட்டாவின் அளவுக்கு இசைத்தால் போதும் என்பது அவருக்கு அப்பொழுதே தெரிந்திருக்க வேண்டும் என்பது எமது கருத்து. முன்னையது ஏறத்தாழ 9 இராத்தல் எடையுள்ளது. இந்த 1892ஆம் ஆண்டு மாதிரியின் குறுந்துப்பாக்கியோ 6 இராத்தலளவே. அடுத்து வந்த 1894ஆம் ஆண்டு மாதிரி, புகையில்லா மருந்திட்ட 30–30 தோட்டாவுக்கு ஏற்றதாகி, 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படும்வரை 70 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

சிறுமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். இதனிற் சிறிது தங்குதல் நன்று. வழிப்போக்கனும் குதிரைவீரனும் குறுகிய துப்பாக்கியை விரும்பினர். வின்செஸ்டர் கம்பெனியார் அவருக்கு இரு வழி காட்டினர். ஒன்று, 24 அங்குலக் குழலுக்கு மாறாக 20 அங்குலக் குழலுடைய குறுந்துப்பாக்கி. கண்ணி வைத்து வேட்டையாடுவார் கேட்டால் 14, 15, 16 அங்குல அளவிலும் செய்து தந்தனர். மற்றொன்று, கூடுதல் விலைக்கு விற்ற கழற்றுந் துப்பாக்கி. இதில், தோட்டாக் குழாயின் நுனியிலுள்ள சிறு பிடியை நிமிர்த்துச் சுழற்றிக் குழாயை முன்னே இழுத்து, நெம்புகோலைத் திறந்து, குழலைக் காற்சுற்றுத் திருப்பினால் அது உடலினின்றும் பிரிந்துவிடும். குழலின் மறைப்புரி முழுவதும் ஓடாது இடையிடையே அரிந்துவிடப்பட்டிருத்தலால் காற்சுற்றே போதுமானதாயிற்று. மீண்டும் பூட்டியபின் தோட்டாக் குழாய் உடலுள் நுழைந்து நிற்பதால் குழல் தானாகத் திரும்பமாட்டாது.

எதனைத் தேர்வது? பெட்டியிற் சிறுத்தல் வேறு, கையிற் சிறுத்தல் வேறு என்று யாம் பிரித்துணர்கின்றோம். கழற்றிய துப்பாக்கி இரயில் பயணப் பெட்டியுள் அடங்கும்; பூட்டிவிட்டாலோ பழைய நீளமே. பலமுறை கழற்றினால் புரி தேய்ந்து இணைப்புத் தளரும். குதிரை மேலிருந்தோ புதரிடையிலோ விரைந்து எடுக்க வேண்டியவனுக்குக் கழற்றாத 20 அங்குலக் குறுந்துப்பாக்கியே தக்கது. 1892ஆம் ஆண்டினதே எமது தேர்வு. மிகக் குறுகிய குழல் கைக்கு எளிதாயினும், மருந்து எரிந்து முடியுமுன் குண்டு வெளியேறுமாதலால் வேகம் குன்றும். முழக்கமும் காதைத் துளைக்கும்.

இவ்விரு சிறுமையையும் ஒருங்கு சேர்த்ததொன்றைப் பிரௌனிங் பின்னாளிற் செய்தார். அதற்கு முன் வின்செஸ்டர் நட்பு முறிந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட அமைப்புக்களை அக்கம்பெனியார் மொத்த விலைக்கு வாங்கி, பிறர் கைப்படாதிருத்தற்பொருட்டுப் பலவற்றைச் செய்யாமலே பூட்டி வைத்தனர். 1902இல் தானியங்கும் பறவைத் துப்பாக்கிக்கு மொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று அவர் கேட்க, பென்னெட்டு மறுத்தார். ரெமிங்டன் கம்பெனித் தலைவர் ஹார்ட்லியைக் காணச் சென்று காத்திருக்கையில், அவர் மாரடைப்பால் இறந்தார் என்ற செய்தியே வந்தது. பிரௌனிங் கப்பலேறிப் பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரடுத்த ஹெர்ஸ்டாலுக்குச் சென்றார். அங்குள்ள தொழிற்சாலை முன்னமே அவருடைய கைத்துப்பாக்கிகளைச் செய்துவந்தது. துப்பாக்கி மீது அவர் பெயர் பொறிக்கப்பட்டது அங்கேதான். 1914இல் அவர்கள் வெளியிட்ட 22 அளவுச் சிறு துப்பாக்கியில் நெம்புகோலும் இல்லை. தோட்டாக் குழாய் அடிக்கட்டைக்குள்ளே மறைந்தது. கருவியெதுவுமின்றி இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 19 அங்குலம்.

அதே 1914 ஜூன் 28ஆம் நாள், சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியாரையும் கொன்றது, ஹெர்ஸ்டாலில் உருவான பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதன்பின் மூண்ட போரில் அமெரிக்கப் படைக்கு இயந்திரத் துப்பாக்கிகளும் தானியங்கித் துப்பாக்கியும் அவரே அமைத்துக் கொடுத்தார். உரிமைத்தொகையாகப் பெறக்கூடியதினும் மிகக் குறைந்த 7,50,000 டாலரே அரசினரிடம் பெற்றார். மகன் வால் அத்துப்பாக்கியைத் தாங்கிப் பிரான்சுப் போர்க்களம் சென்றார். ஈகைக்கு இது சான்றென்பதில் ஐயமில்லை. ஆயினும், காட்டில் உணவு தேடுவோனுக்கென்று சுருக்கியும் இலேசாக்கியும் வந்த கை, மனிதனை விரைந்து மாய்க்கும் கருவியையும் அதே திறத்தோடு ஆக்கியதைப் படிக்கையில் எமக்கு உள்ளம் அமைதி கொள்ளவில்லை. ஜார்ஜியாவிற் சமாதானச் செய்தி சுமந்து நடந்த ஈராண்டை அவர் போர்க் காலத்தில் நினைத்திருப்பாரோ என்று அடிக்கடி எண்ணுகின்றோம்.

1926ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் மகன் வாலின் அறையில், இதயம் தளர்ந்து தம் 71ஆம் அகவையில் உயிர் நீத்தார். இரண்டு குழல்களை மேலுங் கீழுமாக அடுக்கிய பறவைத் துப்பாக்கியொன்று அப்பொழுது முடிவுறாதிருந்தது. உடல் கடல் கடந்து ஆக்டனில் அடக்கம் செய்யப்பட்டது. எஞ்சிய வேலையை மகன் முடித்தார். 1931இல் அத்துப்பாக்கி விற்பனைக்கு வந்தது.