கழுதைக்கு மூச்சு ஊதிய சீமான்

சார்லஸ் வாட்டர்ட்டன் 1782ல் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்தார். பண்ணைச் சீமான்; ஆனால் வீட்டில் அடங்கியிருக்கும் ஆசாமி அல்ல! 1812ல் தென் அமெரிக்காவின் கயானா காட்டுக்குள் புகுந்தார். பழங்குடியினர் அம்பில் தடவும் 'வூராலி' நஞ்சைத் தேடிக் கொண்டுவந்தார். குராரே என்பதும் அதுவே. தசைகளைக் கட்டிப்போட்டு மூச்சை நிறுத்திவிடும். நம் நல்ல பாம்பின் நஞ்சும் இந்த இனந்தான். கல்வராயன் மலையில் கடிபட்டவரைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்குமுன் மூச்சு நின்றுவிடலாம்.

1814ல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அந்த நஞ்சைச் செலுத்தினார்கள். 10 நிமிடத்தில் செத்தாற்போல் சாய்ந்தது. மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்று ஊதினார்கள். இரண்டு மணி நேரம்! கழுதை தலை தூக்கிப் பார்த்தது. நிறுத்தினார்கள், மறுபடி சாய்ந்தது. மேலும் இரண்டு மணி நேரம் ஊதினார்கள். பிழைத்துக்கொண்டது!

1942ல் மான்ட்ரீல் டாக்டர்கள் குராரேயை ஆபரேஷனுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று ஆம்புலன்சிலேயே தசையைத் தளர்த்தி மூச்சுக்குழாய் செருக வேண்டுமானால், பெரும்பாலும் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சக்சினைல்கோலின் 10 நிமிடத்துக்குள் தீரும்; ரோகுரோனியம் பல மடங்கு நேரம் நிற்கும். 10 நிமிடம் கொஞ்சந்தானே என்று எண்ணவேண்டாம். மூச்சில்லாமல் மூளை அத்தனை நேரம் தாங்காது. எதைப் போட்டாலும், காற்றை அழுத்தும் கைப்பை முதலில் தயாராக இருக்கவேண்டும்.

கழுதை என்னவாயிற்று என்கிறீர்களா? 'வூராலியா' என்று பெயர் சூட்டி, வாட்டர்ட்டனின் பண்ணைக்கு அனுப்பினார்கள். 1839 வரை சுகமாக மேய்ந்தது. சீமான் 1865ல் காலமானார்.