சரந்தீபில் பதினேழு ஆண்டுகள்: மஹ்மூத் சாமி அல்பாரூதி

எங்கள் ஊர் நயினாதீவு. வெள்ளி இரவுகளில் மஃரிபுக்குப் பிறகு உம்மம்மா புர்தா ஓதுவார். பொருள் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ராகம் மட்டும் வீடு முழுக்க நிறைந்திருக்கும். 1990 ஒக்டோபரில் தீவை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. உம்மம்மா கையில் எடுத்த துணிப் பொட்டலத்தில் குர்ஆனும் அந்தப் புர்தா கிதாபும் இருந்தன. வீட்டு உறுதியை எடுக்க மறந்துவிட்டார்.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் அரபு படித்தபோதுதான் ஒரு செய்தியை அறிந்தேன். நவீன அரபுக் கவிதையின் முன்னோடி என்று எகிப்தியர் போற்றும் மனிதர், தம் வாழ்வின் பதினேழு ஆண்டுகளை நம் இலங்கையில் நாடுகடத்தப்பட்டவராகக் கழித்திருக்கிறார். புர்தாவின் அதே சந்தத்தில் அவரும் ஒரு கஸீதா பாடியிருக்கிறார். அன்று முதல் அவர் எனக்கு வெறும் பாடப்புத்தகப் பெயராக இருக்கவில்லை.

மஹ்மூத் சாமி அல்பாரூதி 1839இல் கெய்ரோவில் பிறந்தார். சர்க்காசிய மம்லூக் வழிவந்த குடும்பம். பாரூத் என்றால் அரபியில் வெடிமருந்து. ஆனால் இவர் பெயருக்குக் காரணம் முன்னோர் அதிகாரம் செலுத்திய ஈத்தாய் அல்பாரூத் என்ற ஊர். பீரங்கிப் படை அதிகாரியான தந்தை இறந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. இராணுவப் பாடசாலையில் படித்துப் பதினாறு வயதில் வெளியேறினார். இஸ்தான்புல் சென்று துருக்கியும் பாரசீகமும் கற்றார். கிரீட்டிலும், பிறகு ரஷ்யாவுக்கு எதிரான போரிலும் படை நடத்தினார்.

கவிதையை அவர் யாரிடம் படித்தார் என்பதுதான் வியப்பு. அவர் காலத்து அறிஞர் ஹுஸைன் அல்மர்ஸஃபீ இதைப் பதிவு செய்திருக்கிறார். பாரூதி இலக்கண நூல் ஒன்றையும் முறையாகப் பாடம் கேட்டவர் அல்லர். பழைய கவிஞர்களின் திவான்களைத் தெரிந்தவர்களிடம் வாசித்தும், அவர்கள் வாசிக்கக் கேட்டும், காதால் மொழியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் உம்மம்மா ராகத்தைப் பிடித்ததும் அப்படித்தான். பாரூதிக்குப் பொருளும் தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்!

அந்த நாட்களில் அரபுக் கவிதை பெரும்பாலும் சொல் விளையாட்டாகச் சுருங்கியிருந்தது. ஒரு பெயரின் எழுத்துகளைக் கூட்டி ஆண்டு சொல்வது, முன்பின்னாக வாசிக்கும் அடி அமைப்பது என்று கவிஞர்கள் வித்தை காட்டினார்கள். பாரூதி அதைத் தாண்டி ஆயிரம் ஆண்டு பின்னே போனார். அப்பாஸிய காலத்துக் கவிஞர்களின் தெளிவையும் வலிமையையும் எடுத்து, தாம் கண்ட போரையும் தம் துயரையும் அதில் சொன்னார். ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு ஏடாகத் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்ததில்லை. ஆனால் மொழியைப் புதுப்பிக்க இருவரும் பழைய பெட்டியைத்தான் திறந்தார்கள்.

அரசியலில் அவர் உயர்ந்ததும் விழுந்ததும் ஒரே ஆண்டில். கடனில் மூழ்கிய எகிப்தில் ஐரோப்பியரின் கை ஓங்கியது. அதை எதிர்த்து ஒராபி பாஷா எழுந்தபோது பாரூதி அவரோடு நின்றார். 1882 பெப்ரவரியில் பிரதமரானார், மே மாதத்தில் பதவி போனது. ஜூலையில் ஆங்கிலேயக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கின. செப்டெம்பர் 13ஆம் திகதி தல்அல்கபீரில் எல்லாம் முடிந்தது. மரண தண்டனை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, ஏழு பாஷாக்கள் 1883 ஜனவரியில் கொழும்பில் இறக்கப்பட்டார்கள்.

குதிரைகளோடு மேற்கிலிருந்து கப்பல் வருவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. எங்கள் நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புச் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு என்று அது விதிக்கிறது. ஆனால் 1883இல் வந்தவர்கள் வணிகர் அல்லர். உடைந்தது அவர்களுடைய வாழ்க்கை, அதில் பங்கு பிரித்துத் திருப்பிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை.

நம் முஸ்லிம்கள் அவர்களைக் கொண்டாடி வரவேற்றார்கள். சில வாரங்களுக்கு முன்புதான், 1882 டிசம்பரில், கண்டியில் சித்திலெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவர் எழுதிய அஸன்பே சரித்திரம் தமிழின் முதல் நாவல்களில் ஒன்று. அதன் கதை எகிப்தில்தான் தொடங்குகிறது. 1892இல் மருதானையில் மத்ரசா ஒன்று, பின்னாளைய சாஹிராக் கல்லூரி, எழுந்ததிலும் ஒராபி பாஷாவின் ஊக்கம் இருந்தது. பாஷாக்களின் சிவப்புத் துருக்கித் தொப்பி நம்மவர் தலைக்கும் ஏறியது. 1905இல் அந்தத் தொப்பியோடு உயர்நீதிமன்றம் சென்று தடுக்கப்பட்ட வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் யாழ்ப்பாணத்தவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பாரூதி கூட்டத்தில் ஒட்டாதவர். தோழர்களிடையே பிணக்குகள் வளர, கொழும்பில் சுமார் ஏழு ஆண்டுகள் இருந்த பின் கண்டிக்குப் போனார். ஆங்கிலம் கற்றார். உள்ளூர் மக்களுக்கு அரபு சொல்லிக் கொடுத்தார், பள்ளிவாசல் மிம்பரில் ஏறினார் என்று எகிப்திய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

எகிப்தில் விட்டு வந்த மனைவி மௌத்தான செய்தி கடிதத்தில்தான் வந்தது. ஜனாஸாவைக் காணவில்லை, கப்றில் ஒரு பிடி மண் போடவில்லை. அந்த மனைவிக்கு அவர் பாடிய இரங்கற்பாவை நான் ஒரே அமர்வில் வாசித்து முடித்ததில்லை. மன்னருக்கும் வீரருக்கும் இரங்கல் பாடுவதே அரபு மரபில் பெரு வழக்கு. இல்லத்தாளுக்குப் பாடுவது அருமை. போர்க் கவிதைகளில் அவர் முன்னோரின் பாலைவனத்தை அளவுக்கு மேல் இரவல் வாங்கினார் என்பது என் எண்ணம். ஆனால் இந்தக் கவிதையில் இரவல் எதுவும் இல்லை. தாயை இழந்த பிள்ளைகளை நினைத்து, தொலைவில் கையறு நிலையில் நிற்கும் ஒரு தகப்பன்தான் இருக்கிறார். பின்னர் மகளின் மரணம், நண்பர்களின் மரணங்கள். கண்டியில், உடன் நாடுகடத்தப்பட்ட யஃகூப் சாமி பாஷாவின் மகளை மறுமணம் செய்தார்.

துயரம் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. அப்பாஸிய காலம் தொட்டு முப்பது கவிஞர்களைத் தேர்ந்து நான்கு பாகங்களில் முக்தாராத் என்ற பெருந்தொகுப்பை உருவாக்கினார். புர்தாவின் சந்தத்தில், நபிகளாரின் வாழ்வை இப்னு ஹிஷாமைப் பின்பற்றி 447 அடிகளில் பாடினார். அதன் பெயர் கஷ்ஃபுல் கும்மா, துயர் நீக்குதல் என்று சொல்லலாம். பின்னாளில் அஹ்மத் ஷவ்கியும் அதே சந்தத்தில் பாடினார், அதை உம்மு குல்தூம் பாடி உலகமே கேட்டது. மூலப் புர்தாவைத்தான் உம்மம்மா நயினாதீவில் குப்பி விளக்கடியில் ஓதினார்.

கண்பார்வை மங்கி உடல் தளர்ந்த பின்னரே மன்னிப்புக் கிடைத்தது. 1899இல் கெய்ரோ திரும்பினார். அவர் வீடு கவிஞர்கள் கூடும் இடமானது. ஷவ்கி, ஹாபிழ் இப்ராஹீம், கலீல் முத்ரான் ஆகியோர் வந்து அமர்ந்தார்கள். 1904 டிசம்பரில் காலமானார். முக்தாராத்தும் திவானும் அவர் மறைந்த பிறகே அச்சேறின.

ஊர் திரும்பியபோது பாடிய கவிதையில், கண் முன் தெரிவது உண்மையில் எகிப்துதானா என்று அவர் தடுமாறுகிறார். மங்கிய பார்வையால் அப்படிப் பாடினார் என்றே முதலில் நினைத்தேன்.

2002இல் வழி திறந்தபோது வாப்பாவோடு குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவு போனேன். வாப்பாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பள்ளிவாசலைக் கண்டுகொண்டார். அங்கிருந்து எங்கள் வளவுக்குப் போகும் ஒழுங்கையை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பூவரசுகளுக்கு நடுவே மூன்று தரம் நடந்து வந்து, இதுதானா மகள் என்று என்னிடம் கேட்டார்.