ஆயிரம் புதல்வியரின் தாய்

எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், எமக்கு முன்னரே இம்மண்ணில் பெண்கல்விக்கு உழைத்த எலைசா அக்னியூ அம்மையாரை நன்றியுடன் நினைவுகூருகின்றோம்.

1807இல் நியூயோர்க்கில் பிறந்த அம்மையார், எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பிலே, மிசனரியாகத் தொண்டாற்ற உறுதிபூண்டார். பெற்றோர் மறைந்த பின்னரே புறப்பட முடிந்தது. 1840இல் யாழ்ப்பாணம் வந்து, 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையில் கற்பிக்கலானார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என ஊர் கேட்ட காலம் அது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். மணமுடிக்கவில்லை, தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. விடுமுறை வந்தால் கிராமங்களுக்குச் சென்று, பழைய மாணவிகளை வீடு வீடாகக் கண்டு நலம் விசாரிப்பார். அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே ஆசிரியையானார். 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். அவரிடம் கற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆயிரம் புதல்வியரின் தாய் என்ற பெயரே அவரது தேட்டம்.

அவர் கடல்கடந்து இங்கு வந்தார். எம்மிற் பலர் கடல்கடந்து சென்றோம். வீடும் வாகனமும் தேடினோம், அதில் தவறில்லை. எம்மால் எழுத்தறிந்த பிள்ளை ஒன்றாவது உண்டா? இந்த நூற்றாண்டில் எம்மை நாமே கேட்போம்.