பக் பெருந்தகையார்

உலகிற் பெரியோர் எனப் போற்றப்படுவோருள் நாடு வென்றவர் உளர். நூல் யாத்தவர் உளர். நோய் தீர்த்தவரும் உளர். ஆடுகளத்திலே நின்று ஒரு நாட்டிற்கு நலம் புரிந்தவரை அவ்வரிசையில் வைத்தெண்ணும் வழக்கம் நம்மிடை அரிது. ஆட்டம் என்பது பொழுதுபோக்கு, கல்வி என்பது வேறு, என்னும் எண்ணம் நம்முள் ஆழ வேரூன்றியிருத்தலே அதற்குக் காரணம். அவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாள் முழுமையாற் பொய்யாக்கிக் காட்டியவர் ஹாரி குரோ பக் என்னும் பெருந்தகையார். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரிகளிற் கூடைப்பந்துப் போட்டிகள் நிகழுங்காலத்து மாணாக்கரிடை எழும் வாதங்களை யாவரும் அறிவர். இவனைக் குழுவிற் சேர்த்ததேன், அவனை வெளியே அமர்த்தியதேன், அயலூரினின்றும் நெட்டையன் ஒருவனைக் கொணர்ந்திருப்பின் கோப்பை நமதாகியிருக்குமன்றோ, பயிற்சியாளர் இன்னும் முன்னரே ஆளை மாற்றியிருத்தல் வேண்டாவோ என்றெல்லாம் வழக்காடுவர். இவ்வாதங்கள் அனைத்திற்கும் அடியில் வினா ஒன்றே கிடக்கின்றது. நல்ல குழு என்பது தேடிச் சேர்க்கப்படுவதா? அன்றிப் பயிற்றி ஆக்கப்படுவதா? இவ்வினாவிற்குப் பக் பெருந்தகையார் வாழ்க்கையினும் தெளிவான விடை நம் நாட்டிற் கிடைத்தல் அரிது.

பக், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தில், 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் பிறந்தார். உடற்கல்வியையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழைந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத் தொண்டர்க்கென அமைந்த பயிற்சிக் கல்லூரியிற் பயின்றார். ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் வழங்குவது இச்சங்கத்தையே. அக்கல்லூரியின் இயல்பினை அறியாதார் பக்கின் பெருமையை முற்ற உணரமாட்டார். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும்.

கூடைப்பந்தாட்டம் பிறந்த இடம் அக்கல்லூரியே. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனியால் வெளியே சென்று ஆட இயலாத பதினெண் மாணாக்கர், கூடத்தினுள்ளே செய்த உடற்பயிற்சியில் சலிப்புற்றுப் பெரிதும் அடங்காதிருந்தனர். அவர்கட்கு ஏற்ற புதிய ஆட்டம் ஒன்றைப் பதினான்கு நாட்களுள் வகுக்குமாறு, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் இளம் ஆசிரியர் தம் தலைவரால் ஏவப்பட்டார். அவர் கனடா நாட்டிற் பிறந்தவர். ஒன்பதாம் அகவையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். காற்பந்து முதலிய வெளியாட்டங்களை உள்ளே ஆடச்செய்து பார்த்தார். மாணாக்கர் மோதிக் காயமுற்றதே பயனாயிற்று. பின்னர் அவர் அமைதியாக ஆராய்ந்தார். பந்தை ஏந்தி ஓடுவோனைத் தடுக்கவன்றோ முரட்டு மோதல் நிகழ்கின்றது. ஏந்தி ஓடுதலையே விலக்கிவிட்டால் மோதலுக்கு இடமில்லை. இலக்குத் தரையளவில் நேரே நிற்பதனாலன்றோ பந்து விசையோடு எறியப்படுகின்றது. அதனைத் தலைக்குமேல் வானோக்கி வைத்தால் வலிமையினும் நிதானமே வெல்லும். இவ்வாறு எண்ணிப் பதின்மூன்று விதிகளை வகுத்து, பீச்சுப்பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, பக்கத்திற்கு ஒன்பதின்மராக ஆடச் செய்தார். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துதான் கூடையுள் வீழ்ந்ததென்பர்.

அவ்வாட்டம் உலகெங்கும் பரவிய விரைவு வியப்பிற்குரியது. முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்திற்குத் தலைவராய் நின்ற டங்கன் பாட்டன் என்பவரே பின்னர் இந்தியாவிற்கு வந்து இதனை அறிமுகஞ் செய்தனர். ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற மெல்வின் ரைடவுட் என்பவர் பாரிசு மாநகரத்துத் திரெவீஸ் தெருவிலுள்ள சங்கக் கட்டிடத்தில், 1893-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், ஐரோப்பாவின் முதற் கூடைப்பந்தாட்டத்தை நடத்தினார். அந்நாளிற் புதுவை நகரம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததாகலின், நம்மை ஆண்ட நாட்டின் தலைநகரை இவ்வாட்டம் அத்துணை முன்னரே அடைந்துவிட்டது என்பது நாம் அறியத்தக்கதே.

ஆட்டத்தைக் கண்ட நெய்ஸ்மித், 1898-ஆம் ஆண்டு முதல் 1907-ஆம் ஆண்டு வரை கான்சஸ் பல்கலைக்கழகக் குழுவிற்குப் பயிற்சியாளராக இருந்தார். அவர்தம் குழு 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அப்பல்கலைக்கழகக் குழுவினை நெடுங்காலம் நடத்திய பயிற்சியாளருள் வெற்றியினும் தோல்வி மிகுதியாகப் பெற்றவர் ஆட்டத்தைப் படைத்த அவரே என்பது விந்தையன்றோ! ஆயின் அவரிடத்து ஆடக் கற்ற பாரஸ்டு ஆலன் பயிற்சித் தொழிலையே ஒரு கலையாக வளர்த்தார். ஆலனிடத்துக் கற்ற அடால்பு ரப், டீன் ஸ்மித் என்னும் இருவரும் ஒவ்வொருவரும் 850-க்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்டனர். கான்சசிற் பயின்ற ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பின மாணாக்கர், நிறம் பற்றிப் பல்கலைக்கழகக் குழுவில் இடம் மறுக்கப்பட்டார். குழுவில் இடமில்லாத அவருக்கும் நெய்ஸ்மித் ஆசிரியராய் நின்று வழிகாட்டினார். அம்மாணாக்கர் பிற்காலத்தில் 1957, 1958, 1959 என்னும் மூவாண்டுகளிலும் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற குழுவினை ஆக்கினார். வெற்றிக் கணக்கில் தோற்றவர், மாணாக்கர் கணக்கில் வென்றார். ஸ்பிரிங்பீல்டு நெறியின் சாரம் இதுவே.

நிற்க. அந்நெறியிற் பயின்ற பக், 1919-ஆம் ஆண்டில் இந்திய வாலிபர் சங்கத்தாரின் பணிக்கெனச் சென்னை வந்து சேர்ந்தார். அக்காலத்து நம் பள்ளிகளில் உடற்பயிற்சி இருந்த நிலை இரங்கத்தக்கது. படையினின்று ஓய்வுபெற்ற ஒருவரை 'டிரில் மாஸ்டர்' என அமர்த்தி, மாணாக்கரை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டவும் மடக்கவும் ஏவுவதே பெரும்பாலும் நிகழ்ந்தது. ஏனைய ஆசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும் அவர்க்கு இல்லை. இயல்பாகவே வல்லவராய சிலர் மட்டும் மாலையில் ஆடினர். பலர் வேலியோரத்து நின்று வேடிக்கை பார்த்தனர்.

புதிதாக வந்த ஒருவர் இந்நிலையைக் கண்டு என் செய்திருக்கலாம்? தேர்ந்த இளைஞர் சிலரைத் திரட்டி, நல்ல குழு ஒன்றை அமைத்து, ஈராண்டுகளிற் கோப்பைகள் பல வென்று, புகழோடு தாய்நாடு திரும்பியிருக்கலாம். அது எளிய வழி. பக் அதனைத் தேர்ந்திலர். 1920-ஆம் ஆண்டில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுதற்கெனவே ஒரு கல்வி நிலையத்தைச் சென்னையிற் சிறிய அளவில் தொடங்கினார். ஆட்டக்காரனை ஆக்குவதினும் ஆட்டக்காரனை ஆக்குவோனை ஆக்குதலே முதற் பணி எனத் துணிந்தார். ஒரு நல்ல ஆட்டக்காரன் ஆடுவது ஒரு சில ஆண்டுகள். ஒரு நல்ல ஆசிரியனோ முப்பது ஆண்டுகள் கற்பிப்பான். ஆண்டுதோறும் அவன் கைப்படுவோர் நூற்றுக்கணக்கினர். இக்கணக்கு எளியதே, ஆயினும் பொறுமையுடையார்க்கன்றி இது புலப்படாது.

அந்நிலையமே பின்னர்ச் சைதாப்பேட்டையில் அடையாற்றின் அருகே பரந்த நிலத்தில் நிலைபெற்று, இன்று நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியற் கல்லூரி என விளங்குகின்றது. இத்துறைக்கென இந்நாட்டில் எழுந்த முதற் கல்லூரி அதுவே. ஆங்கு மாணாக்கர் ஓட்டமும் தாண்டுதலும் பந்தாட்டங்களும் பயின்றதோடு, உடலின் அமைப்பு, நலவாழ்வு நெறி, கற்பிக்கும் முறை ஆகியவற்றையும் கற்றனர். மேனாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டுப் பயிற்சிகளும் அங்கே இடம் பெற்றன. கூடைப்பந்தும் கைப்பந்தும் நம் பள்ளி கல்லூரிகளிற் பரவியமைக்கு, அக்கல்லூரியினின்று வெளிப்போந்த ஆசிரியர் பெரிதும் காரணராயினர்.

ஆட்டத்திற்கு ஆசிரியன் வேண்டியவாறே நூலும் வேண்டும். ஊருக்கு ஒரு விதி வழங்குமாயின் போட்டி வழக்காக முடியும். ஆதலின் பக், ஆட்டங்கள் பலவற்றின் விதிகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். அது பல பதிப்புக்கள் கண்டு நாடெங்கும் நடுவர்க்குக் கைந்நூலாயிற்று. அவர் கல்லூரியினின்று 'வியாயாம்' என்னும் இதழும் வெளிவந்து, சிற்றூர்ப் பள்ளியிற் தனித்து நின்று உழைத்த ஆசிரியர்க்கும் புதிய அறிவை ஊட்டி வந்தது.

பக்கின் வரலாற்றில் 1924-ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. அவ்வாண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் பாரிசு மாநகரில் நிகழவிருந்தன. அதற்கென இந்திய வீரரைத் தேர்தற்பொருட்டுத் தில்லியிற் போட்டிகள் நடத்தப்பட்டன. மாநிலந்தோறும் வந்தோருள் திறமை கண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிலர்க்குப் பக் மேலாளராய் உடன் சென்றார். தடையோட்டத்தில் சி. கே. லட்சுமணனும், நீளத்தாண்டலில் தலீப் சிங்கும் அக்குழுவில் இருந்தனர். மெய்வல்லுநர் எவரும் பதக்கம் பெற்றிலர். வெற்றியையே அளவுகோலாகக் கொள்வோர் அப்பயணத்தை வீண் என்பர். ஆயின், அதுவரை மாகாணம் மாகாணமாகப் பிரிந்து கிடந்த வீரர், ஒரு நாட்டின் குழுவாகத் தேர்வுபெற்று உலக அரங்கில் நிற்க இயலும் என்பதை அப்பயணம் நிறுவியது.

அதன் பயன் விரைவிற் புலப்பட்டது. தோராப்ஜி டாட்டா பெருமகனார், சங்கத்தைச் சார்ந்த நோரன், பக் முதலியோர் உழைப்பால் 1927-ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் நகரில் நம் ஹாக்கிக் குழு பொற்பதக்கம் பெற்றது. ஹாக்கியின் வெற்றிக்குப் பக்கே காரணர் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் முறையான தேர்வும், மாநிலச் சங்கங்களும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் இன்றி எந்நாடும் ஆட்டத்தில் நெடிது நில்லாது என்பதை முன்னரே உணர்ந்தோருள் அவர் ஒருவர்.

கூடைப்பந்து 1936-ஆம் ஆண்டிற் பெர்லின் நகரத்து ஒலிம்பிக்கிற் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. முதிய நெய்ஸ்மித் அதனை நேரிற் கண்டு மகிழ்ந்து, 1939-ஆம் ஆண்டில் மறைந்தார். பக்கோ தாம் மேற்கொண்ட பணியிலேயே நின்று, 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் சென்னையிலேயே உயிர் நீத்தார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் நம்மிடை உழைத்தனர். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ஆம் ஆண்டில் தோன்றியதையும், 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் கூடைப்பந்துக் குழு ஆடியதையும் காண அவர் இருந்திலர். விதைத்தோன் ஒருவன், கனி கொய்வோர் வேறாதல் உலகியற்கையே.

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஆயத்தமாய வீரரைத் தேடிச் சேர்த்தல் குற்றமா எனின், அன்று. திறமையுடைய ஏழை மாணாக்கன் ஒருவனுக்கு ஆட்டத்தின் வாயிலாகக் கல்லூரிக் கதவு திறக்குமாயின் அது அறமே. தில்லியிலே தேர்வு நடத்திய பெரியோரும் திறமையையே நாடினர். திறமையில்லாரைப் பாரிசிற்கு அனுப்பினாரல்லர். ஆயின் தேடிச் சேர்த்தலே முழுப்பணி என்று கருதுவதுதான் பிழை. ஐவரை ஆடவிட்டு எழுவரைப் பலகைமேல் அமர்த்தி வைக்கும் குழு, அவ்வெழுவர்க்கும் நாள்தோறும் கற்பிக்கின்றதா என்பதே அதன் உண்மையான தேர்வு. முதலாண்டில் பந்தைத் தரையில் தட்டி நடத்தவும் அறியாது வந்த ஒருவன், மூன்றாமாண்டில் ஏனையோர்க்குக் கற்பிக்கும் நிலையை எய்துவானாயின், கோப்பை வாராவிடினும் அக்கல்லூரி வென்றதாகும். மூன்றாண்டும் பலகையிலேயே அமர்ந்து அறிந்ததொன்றுமின்றி அவன் வெளியேறுவானாயின், கோப்பைகள் நிறைந்திருப்பினும் அக்கல்லூரி அவனளவில் தோற்றதேயாம்.

தோழர்காள்! நம்முட் பெரும்பாலோர் நாடறிந்த ஆட்டக்காரர் ஆகப்போவதில்லை. பலர் ஆசிரியராவோம், சிலர் அலுவலகங்களிற் பணிபுரிவோம். நாம் வாழும் ஊரில், கூடை ஒன்று நட்ட களமும் அதனைச் சூழ நிற்கும் சிறுவரும் இருப்பர். அவருள் வல்லவன் ஒருவனை மட்டும் தெரிந்தெடுத்துத் தட்டிக்கொடுப்பது எவர்க்கும் எளிது. ஓரத்தில் நிற்கும் மெலிந்த சிறுவனைக் கைகாட்டி அழைத்து, பந்தை அவன் கையிற் கொடுத்து, முழங்கால் மடித்து எறியும் முறையைப் பொறுமையோடு கற்பித்தலே அரிது. கடல் கடந்து வந்த ஒருவர் அவ்வரிய செயலைத் தம் வாழ்வின் பணியாகக் கொண்டு இம்மண்ணிலேயே உயிர் நீத்தார் எனின், இங்கே பிறந்த நாம் ஒரு மாலைப்பொழுதையேனும் அதற்கென ஒதுக்குதல் பெரிதன்று.