போர்வை பெற்ற புலவர்

நாவினால் விளையும் நன்மையும் பெரிது, தீமையும் பெரிது. புலவனின் நாவோ பிறர் நாவினும் வலியது. அவன் மறைந்த பின்னும் அவன் சொல் ஊரார் வாயில் உலவும். திருக்குர்ஆனின் 26-ஆவது அத்தியாயத்திற்குப் புலவர்கள் என்றே பெயர். மனம் போன போக்கில் பாடித் திரிவோரைக் கண்டிக்கும் அதன் இறுதி வசனங்கள், ஈமான் கொண்டு நற்செயல் புரியும் புலவர்களை அக்கண்டனத்தினின்று விலக்குகின்றன. அவ்விரு நிலைகளையும் ஒரே வாழ்நாளில் கண்டவர் கஅபு இப்னு ஜுஹைர் (ரலி) அவர்கள்.

கவிதை அவருக்குத் தந்தைவழிச் சொத்து. தந்தையார் ஜுஹைர், முஅல்லகாத் என்று போற்றப்படும் அரபுப் பெருங்கவிதைகளுள் ஒன்றை இயற்றியவர். அப்ஸ், துப்யான் என்னும் குலத்தாரிடையே நெடுங்காலம் நடந்த போரைத் தம் பொருளை ஈந்து நிறுத்திய சான்றோர் இருவரை அதில் புகழ்ந்து பாடினார். ஒரு பாடலை ஓராண்டுக் காலம் செப்பனிட்ட பின்னரே வெளியிடுவார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. சொல்லை அளந்து பாடிய அத்தந்தையின் மைந்தர், ஒருநாள் அளவு கடந்து பாடிவிட்டார்.

சகோதரர் புஜைர் இஸ்லாத்தைத் தழுவியதே அதற்குக் காரணம். முன்னோர் நெறியைக் கைவிட்டதாக அவரைப் பழித்ததோடு, அண்ணல் நபி (ஸல்) அவர்களையும் இழித்துக் கவி பாடி அனுப்பினார் கஅபு. அக்காலத்து அரபு நாட்டில் வசைப்பாடல் வெறும் சொல் விளையாட்டன்று. அது குலத்தின்மேல் குலத்தை ஏவிவிடும், போரை மூட்டும். எனவே கஅபின் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

மக்கா வெற்றிக்கும் தாயிப் முற்றுகைக்கும் பின்னர், புஜைர் ஒரு மடல் வரைந்தார். வசை பாடிய சிலர் கொல்லப்பட்டதையும், வேறு சிலர் ஓடி ஒளிந்ததையும் தெரிவித்தார். மனந்திருந்தி வருவோரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தண்டிப்பதில்லை என்றும், உயிர்மேல் ஆசையிருப்பின் விரைந்து வருமாறும் எழுதினார். பரந்த பாலைவனமும் கஅபுக்குக் குறுகிப் போயிற்று.

ஹிஜ்ரி 9-இல், அதாவது கி.பி. 630-இல், அவர் மதீனாவை அடைந்தார். அறிமுகமான ஒருவர் இல்லத்தில் இரவு தங்கி, வைகறைத் தொழுகைக்குப் பின் நபிகளாரின் முன் அமர்ந்து, அவர்களின் திருக்கரத்தைப் பற்றிக்கொண்டார். கஅபு மனந்திருந்தி வந்தால் ஏற்பீர்களா என்று வினவினார். ஏற்போம் என்ற விடை கிடைத்ததும், தாமே அந்தக் கஅபு என்றார். அன்சாரித் தோழர் ஒருவர் அவரை வெட்டப் பாய்ந்தார். பழைய நிலையை விட்டு வருந்தி வந்தவரை விட்டுவிடுமாறு பெருமானார் (ஸல்) தடுத்தார்கள்.

அப்பொழுது கஅபு பாடிய பாடலே பானத் சுஆத். அரபு மரபின்படி, பிரிந்து சென்ற காதலியை எண்ணி ஏங்குவதில் தொடங்கி, அஞ்சி வந்தவனின் மன்னிப்பு வேண்டுதலில் முதிர்வது அது. அதில் முஹாஜிர்களைப் புகழ்ந்த கஅபு, தம்மை வெட்டப் பாய்ந்தவரை எண்ணிப் போலும், அன்சாரிகளைப் புகழாது விட்டார். அவர்களும் புகழுக்குரியவர்களே என்று அண்ணலார் உணர்த்தியதும், அன்சாரிகளைப் போற்றித் தனிப்பாடல் ஒன்றும் இயற்றினார் என்பர்.

பாடலைக் கேட்டு மகிழ்ந்த நபிகளார் தம் மேனியில் இருந்த போர்வையை அவருக்கு அணிவித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுகின்றனர். முஆவியா (ரலி) அவர்கள் பெரும்பொருள் தருவதாகக் கூறியும் கஅபு அதனை விற்க இசையவில்லையாம். அவர் மறைந்த பின்னரே வாரிசுகளிடமிருந்து அது வாங்கப்பட்டதாம்.

அரபியில் போர்வைக்குப் புர்தா என்று பெயர். நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஓதப்படும் புர்தா ஷரீபு, 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் இயற்றியது. நோயுற்றிருந்த தம்மீது நபிகளார் போர்வை போர்த்தக் கனவு கண்டு நலம்பெற்றார் அவர் என்பர். அதற்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே போர்வை பெற்ற பாடல் கஅபின் பாடல்.

அப்போர்வை யாருக்குக் கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். என்றும் புகழ்ந்தவருக்கன்று; இகழ்ந்து, பின் வருந்தி வந்தவருக்கு. நம்மைப் பழித்தவர் நம் வாசலுக்கு வந்தால் நாம் எதைப் போர்த்துகின்றோம்? நம் நாவைக் காக்கவும், வருந்தி வருவோரை மன்னிக்கவும் வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.