தோட்டத்தில் ஓடிய புகைவண்டி

மிக்கி சுண்டெலியை அறியாத பிள்ளைகள் நம்மில் எவரும் இல்லை. அதைத் திரையில் ஆட வைத்த வால்ட் டிஸ்னி அவர்களின் படங்களைப் பற்றி நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் அமைத்த ஒரு சின்னஞ்சிறு உலகத்தின் கதையையே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் 1901 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ் தச்சு வேலை அறிந்தவர். 1906இல் குடும்பம் மிசூரி மாநிலத்து மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு உறவினர் ஒருவர் புகைவண்டி ஓட்டுநராய் இருந்தார். சற்று வளர்ந்ததும் சிறுவன் வால்ட் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ரயிலில் ஏறிப் பத்திரிகையும் தின்பண்டமும் விற்றான். புகைவண்டி ஆசை அன்று பிடித்ததுதான்!

பின்பு பேரும் புகழும் வந்தன. தொல்லைகளும் வந்தன. 1941இல் அவருடைய ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். போர்க்காலத்தில் கடன் பெருகியது. மனம் சோர்ந்துபோன அவர், மாலை வேளைகளில் ஸ்டூடியோவின் இயந்திரப் பட்டறைக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளரிடம் மாணவராய் நின்று உலோக வேலை கற்றுக்கொண்டார். நூற்றுக்கணக்கானோருக்கு முதலாளியாய் இருந்தவர் அரத்தைக் கையில் பிடித்துப் பாடம் கேட்டது நமக்கு வியப்பளிக்கிறது.

1949இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வீடு கட்ட நிலம் வாங்கினார். தோட்டத்தைச் சுற்றி அரை மைல் நீளத் தண்டவாளம் போட வேண்டும் என்பது அவர் திட்டம். மனைவி லில்லியனுக்கோ பூச்செடிகளைப் பற்றிய கவலை. தண்டவாளம் செல்லும் வழிக்கு உரிமை கேட்டு, வேடிக்கையாக ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்கினாராம்! பூம்பாத்தி கெடாதபடி அதன் அடியிலேயே 90 அடி நீளச் சுரங்கவழி வெட்டப்பட்டது. நேராக வெட்டினால் செலவு குறையும் என்று வேலையாட்கள் கூறியும் அவர் இணங்கவில்லை. வளைந்து சென்றால்தானே மறுமுனை கண்ணுக்குத் தெரியாது; இருளுக்குள் புகுந்தவருக்கு அடுத்து என்ன வரும் என்ற ஆவல் பிறக்கும்! பொம்மை ரயிலுக்கு மலையும் குகையும் செய்ய விரும்பும் நம் மாணவியர் இந்த நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்ட 46 அடி நீளத்தில் மரப்பாலமும் எழுந்தது.

உண்மை வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நீராவி என்ஜினுக்கு மனைவியின் பெயரால் லில்லி பெல் என்று பெயரிட்டார். அதன் புகைபோக்கியையும் முகப்பு விளக்கையும் அவரே செய்தார். கடைசியில் வரும் கார்டு வண்டியின் உட்புறத்தில் படுக்கையும் அலமாரியும் கணப்பு அடுப்பும் வைத்தார். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் படாத பொருள்கள் இவை. அந்த அடுப்பு அழகாய் அமையவே, வெவ்வேறு வண்ணம் தீட்டிச் சுமார் நூறு அடுப்புகள் செய்துவிட்டார்!

விருந்தினரும் பிள்ளைகளும் பெட்டிகளின் மேல் அமர்ந்து பயணம் செய்து மகிழ்ந்தனர். ஆனால் 1953இல் வேகமாய் ஓட்டப்பட்ட வண்டி வளைவில் கவிழ்ந்தது. வெளிப்பட்ட நீராவி ஒரு சிறுமியின் காலைச் சுட்டுவிட்டது. டிஸ்னி அவர்கள் உடனே ஓட்டத்தை நிறுத்தி, என்ஜினை எடுத்து வைத்துவிட்டார். அத்தனை ஆசையாய் அமைத்த பாதையில் அதன்பின் அவர் வண்டி விடவில்லை.

1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பி, அதன்மேல் பெரிய புகைவண்டியை ஓடவிட்டார். வெளியுலகம் உள்ளே இருப்பவர் கண்ணில் படாதபடி அம்மேடு மறைத்தது. தோட்டத்துச் சுரங்கத்தின் நினைவு நமக்கு வருகிறதல்லவா?

1966 டிசம்பர் 15 அன்று அவர் காலமானார். மார்சலின் ஊர்க் களஞ்சியத்தைப் போலவே தோட்டத்தில் அவர் கட்டியிருந்த மரப்பட்டறை, 1999இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு மாற்றப்பட்டது.